வாண்டுவின் ஓட்டம்

விளையாட்டு டீச்சருக்கு ஒரே பயம்தான். அக்கா மகள் வாண்டு ஒரே வீடு, ஒரே பள்ளி. ஓட்டப்பந்தய அணியில் சேர உயிரை விடுகிறாள். சேர்த்துக்கொண்டால் ஊர் வாய் சும்மா இருக்குமா? சொந்தக்காரப் பிள்ளை, அதான் என்று கிளம்பிவிடுமே!

அதனால் டீச்சர், தான் புதிதாகக் கற்ற கம்ப்யூட்டர் நிரல் எழுதும் வித்தையை இறக்கினாள். பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக அறுபது மீட்டர் ஓட, பள்ளி எழுத்தர் நேரம் பார்த்துக் கம்ப்யூட்டரில் தட்டினார். அது குறைந்த நேரத்திலிருந்து வரிசைப்படுத்திப் பெயர்களை மட்டும் காட்டும். டீச்சரோ நடுநிலை என்று முதுகைக் காட்டி நின்றாள். ரொம்பத்தான்!

வரிசையின் கடைசியில் வாண்டு. பட்டியலைப் பலகையில் மறுநாள்தான் ஒட்டவேண்டும் என்றாலும், வீட்டுக்கு வரும் வழியிலேயே டீச்சர் அவளிடம் சொல்லிவிட்டாள். பிள்ளை வந்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது.

அக்கா பிடித்துக்கொண்டாள். "எவ்வளவு நேரத்துல ஓடினாள்னாவது பார்த்தியா?"

"கம்ப்யூட்டர் பொய் சொல்லுமாக்கா?"

"பார்த்தியா, இல்லையா?"

பார்க்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டே மடிக்கணினியைத் திறந்து, நேரத்தையும் காட்டச் சொன்னாள். முதல் பெயருக்கு எதிரே 10.1 வினாடி. அடுத்து 10.4. கடைசியில் வாண்டு, 9.8.

பத்துக்குள் ஓடியவள் எப்படிக் கடைசி? அப்புறம்தான் உறைத்தது. தட்டியதையெல்லாம் அது வெறும் எழுத்தாகத்தான் எடுத்துக்கொள்ளும். அகராதியில் தேடுகிற மாதிரி முதல் எழுத்தைப் பார்த்து, ஒன்றை முன்னாலும் ஒன்பதைப் பின்னாலும் வைத்துவிட்டது. எண்ணாக மாற்று என்று இவள்தான் சொல்லவில்லை. பாடத்தின் ஆரம்பத்திலேயே இருந்த விஷயம்! தலையில் அடித்துக்கொண்டு அந்த ஒரு வரியைத் திருத்தி ஓடவிட்டாள்.

வாண்டு முதலில் வந்தாள். அப்பாடா! டீச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரிப்பும் அழுகையுமாகப் போய்க் கதவைத் தட்டினாள்.

"வாண்டு, திறடி. நீதான் முதல்ல. தப்பு முழுக்க என்னோடது."

கதவு திறந்தது. கண் வீங்கியிருந்தது. "சும்மா சொல்றீங்க."

"சத்தியமா. நாளைக்கு உன் பேர்தான் மேல இருக்கும். ஷூவை எடுத்து வை."

வாண்டு தலையைக் குனிந்துகொண்டாள். "ஜன்னல் வழியா பக்கத்து வீட்டு அக்காகிட்ட கொடுத்துட்டேன் சித்தி. எனக்கு ஓடவே வராதுன்னு நினைச்சேன்."

டீச்சர் செருப்பைக்கூடப் போடாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள்.