வல்லக்கோட்டை வழியில் நாற்பது நிமிடம்

வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு வழி கேட்டுச் சிலர் எழுதியிருந்தீர்கள். நான் முதலில் கிளம்பியது 1991-ல், ஒரு செவ்வாய்க்கிழமை. வேண்டுதல் ஒன்றும் இல்லை. பழைய வேலையை விட்டுப் புதியதில் சேரப் பத்து நாள் இருந்தது. வீட்டில் உட்கார முடியவில்லை. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் என்று எனக்கு அப்போதே பெயர்.

பாரிமுனையில் காலை ஆறரைக்கு பஸ். ஸ்ரீபெரும்புதூர் நாற்பது கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம், ஐந்து ரூபாய். அங்கிருந்து கோயிலுக்கு அடுத்த பஸ் ஒன்பதுக்குத்தான் என்றார்கள். ஒரு மணி நேரம் யார் காத்திருப்பது? ஜல்லி ஏற்றப் போன காலி லாரியைக் கைகாட்டி நிறுத்தினேன். மணி என்ற டிரைவர் இரண்டு ரூபாய் கேட்டார்.

"ஒரகடம் பக்கம் குவாரில அரை மணி நேரம் நிக்கும். அப்பால கோயில்ல எறக்கிவுடறேன். பரவால்லியா சார்?"

பரவாயில்லை என்று சொல்லிவிட்டு வழியெல்லாம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே போனேன்.

குவாரிக்குள் நுழையும்போதே ஆட்கள் ஓடினார்கள். சரிந்த கல் ஒன்று, பாறையில் துளை போடும் ஏகாம்பரத்தின் தொடையைக் கிழித்திருந்தது. ரத்தம் நிற்காமல் வந்தது. ஒருவர் காயத்தில் அப்பக் காப்பித்தூள் கொண்டுவந்தார். இன்னொருவர் குடிக்கச் சோடா. நாலு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கப் போனார்கள். "சீக்கிரம் லாரியில போடுங்க" என்று நானும் என் பங்குக்குக் கத்தினேன்.

ஜல்லி உடைக்கும் ஆரோக்கியம் என்ற பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். காப்பித்தூளைத் தட்டிவிட்டார். சோடாவைத் திருப்பி அனுப்பினார். சாப்பாட்டுக் கூடையில் இருந்த துவைத்த துணியை நாலாக மடித்துக் காயத்தின் மேல் வைத்தார்.

"என் மணிக்கட்டு சுளுக்கிக்கினு கீது. நீ வா சார். ரெண்டு கையால அமுக்கு."

அமுக்கினேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, நின்றுவிட்டதா என்று துணியைத் தூக்கிப் பார்த்தேன். மறுபடி பீறிட்டது.

"இன்னா சார், தொறந்து தொறந்து பாத்தா சோறு வேவுமா? நான் சொல்றவரைக்கும் கைய எடுக்காத." நனைந்த துணியை எடுக்காமல் அதன் மேலேயே இன்னொன்றை வைத்தார்.

பலகையில் கிடத்தி லாரியில் ஏற்றினோம். அமுக்கிய கையை எடுக்காமல் நானும், கூடவே ஆரோக்கியமும் ஏறினோம். ஆஸ்பத்திரி பன்னிரண்டு கிலோமீட்டர்; ரோடு முழுக்கப் பள்ளம்.

"கால் போயிடுமாக்கா?" என்றார் ஏகாம்பரம்.

"போவாது. எங்கிட்ட பேசிக்கினே வா."

அதற்கு முந்தின வாரம் குவாரியில் முதலுதவிப் பயிற்சிக்கு ஆள் கேட்டபோது, ரத்தம் பார்க்காதவர்களா நாங்கள் என்று ஆண்கள் யாரும் போகவில்லையாம். சுளுக்கோடு கல் உடைக்க முடியாமல் சும்மா இருந்த ஆரோக்கியத்தை அனுப்பியிருக்கிறார்கள். இரண்டே நாள் பயிற்சி. எனக்கு வெட்கமாக இருந்தது. நான் படித்தவன், எனக்கு அதுகூடத் தெரியவில்லை.

இன்னும் கொஞ்சம் ரத்தம் போயிருந்தால் ஆளே மிஞ்சியிருக்க மாட்டார் என்றார் டாக்டர். காலும் தப்பியது.

அன்று கோயில் பார்க்கவில்லை. அடுத்த செவ்வாய் ஒழுங்காக ஒன்பது மணி பஸ்ஸில் போனேன். நீங்களும் காலையிலேயே போய்விடுங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள். பையில் துவைத்த துணி இரண்டு இருக்கட்டும். வாய்ப்புக் கிடைத்தால் முதலுதவி கற்றுக்கொண்டு கிளம்புங்கள்.

ஆஸ்பத்திரிக்கு நாற்பது நிமிடம் ஆனது டிரைவர் மணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். கடிகாரம் என் கையில்தான் இருந்தது. நான் பார்க்கவில்லை.