மதர்போர்டுக்கு வைத்த மஞ்சள்

சுனாமி வந்துபோய் ஒன்றிரண்டு வருடங்கள் ஆகியிருக்கும். அப்போது நானும் அம்மாவும் புதுப்பட்டினத்தில் குடியிருந்தோம். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு டி.டி.பி. சென்டரில் எனக்கு வேலை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று ஊரின் நல்லது கெட்டது எல்லாம் என் விரல் வழியாகத்தான் போகும். பஸ்ஸில் நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே வருவேன். சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் இதே வேலையை வீட்டில் உட்கார்ந்து செய்யலாமே என்று ஆசை வந்துவிட்டது.

அம்மா டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் நாலைந்து வீடுகளுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். என் ஆசையைக் கேட்டதும் சீட்டுப் பணத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள். முழு கம்ப்யூட்டராக வாங்க அது போதாது. பழைய மானிட்டர் ஒன்று கிடைத்தது. மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். கடைசியில் பாக்கி இருந்தது மதர்போர்டு. அதை பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, ஒரு ஏல வெப்சைட்டில், சென்னைக்காரர் ஒருவரிடம் வாங்கினேன். பேங்கில் டி.டி. எடுத்து அனுப்ப வேண்டும். பொருள் கொரியரில் வரும். "ஏன் பொண்ணே, மூஞ்சியும் தெரியாது, கடையும் தெரியாது, அவனுக்கா டப்பு அனுப்புற?" என்று சிரிக்காத ஆள் இல்லை.

பார்சல் வந்த அன்று நான் வேலைக்குப் போயிருந்தேன். கையெழுத்துப் போட்டு வாங்கிய அம்மாவுக்குப் பொறுக்கவில்லை, பிரித்துவிட்டாள். எங்கள் வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் நாலு மூலையிலும் மஞ்சள் வைக்காமல் அவள் தொடவிடமாட்டாள். தீபாவளித் துணிக்கு வைப்பாள், ஸ்கூல் பைக்கு வைப்பாள். என் பி.காம். சர்டிபிகேட்டுக்கே வைத்திருக்கிறாள், மஞ்சளோடுதான் லேமினேட் செய்தேன். அப்படிப்பட்டவள் மதர்போர்டை விடுவாளா? மஞ்சளைக் குழைத்து, நாலு மூலையிலும் ஈரமாகத் தொட்டு வைத்து, சாமி படத்துக்கு முன்னால் சாய்த்து வைத்திருந்தாள்.

பார்த்ததும் எனக்கு மயக்கமே வந்துவிட்டது. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு மஞ்சள் தடம் தெரியாமல் துடைத்தேன். ஃபேனுக்கு அடியில் நன்றாகக் காயவைத்து, பிறகுதான் கேபினட்டில் வைத்து ஸ்க்ரூ முடுக்கினேன். ஸ்விட்சைப் போட்டால் உள்ளே ஃபேன் மட்டும் சுற்றுகிறது, மானிட்டர் இருட்டாகவே கிடக்கிறது. உற்றுப் பார்த்தபோதுதான் ஒரு மூலையில், ஸ்க்ரூ ஓட்டைக்குப் பக்கத்தில், முடி மாதிரி ஒரு விரிசல் தெரிந்தது.

எனக்குக் கோபம் வந்தால் கண் மண் தெரியாது. விரிசல் கண்ணில் பட்ட பிறகும், மஞ்சள் தண்ணியை ஊற்றிக் கெடுத்துவிட்டாய் என்று அம்மாவைப் பிடித்துக் கத்தினேன். அவள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். அதன்பிறகு கம்ப்யூட்டர் மேஜைப் பக்கமே அவள் வருவதில்லை. பெருக்கும்போதுகூட அந்த இடத்தை விட்டுவிட்டுப் பெருக்குவாள். அந்தத் தீபாவளிக்கு எடுத்த சுடிதாரை மஞ்சள் வைக்காமலே என்னிடம் நீட்டினாள். அதை வாங்கிக்கொண்டபோது கம்ப்யூட்டர் போனதைவிட அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

இன்னொரு பக்கம் விற்றவரோடு சண்டை. உடைந்த பொருளை அனுப்பிவிட்டீர்கள் என்று நான் மெயில் அனுப்ப, ஸ்க்ரூவை அழுத்தி முடுக்கி உடைத்தது நீங்கள்தான் என்று அவர் பதில் எழுதினார். மஞ்சளைப் பற்றி நான் மூச்சுவிடவில்லை. போட்டோ கேட்டார். ஸ்டூடியோக்காரரிடம் கேமரா கடன் வாங்கி எடுத்து அனுப்பினேன். அதில் ஸ்க்ரூ ஓட்டைக்குள் நான் துடைக்காமல் விட்ட மஞ்சள் பளிச்சென்று தெரிந்திருக்கிறது. எதையோ கொட்டியிருக்கிறீர்கள், இனி நான் பொறுப்பில்லை என்று எழுதிவிட்டார். நானும் விடவில்லை. தெரிந்த இங்கிலீஷ் அத்தனையையும் திரட்டி, வெப்சைட்டில் உங்கள் பெயருக்குக் கீழே புகார் எழுதுவேன் என்று மிரட்டினேன். அங்கே ஒரு கெட்ட பெயர் விழுந்தால் அடுத்த ஆள் வாங்க யோசிப்பான். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மாமல்லபுரம் வருகிறேன், பொருளைக் கொண்டு வாருங்கள், நேரில் பார்க்கலாம் என்று பதில் வந்தது.

அம்மாவும் வருவேன் என்று பிடிவாதமாகக் கிளம்பிவிட்டாள். "நீ வாயே தொறக்கக் கூடாது" என்று பஸ்ஸிலேயே சொல்லி வைத்தேன். தலையை ஆட்டினாள்.

கடற்கரைப் பக்கம் வேன்கள் நிற்கும் இடத்தில் அவர் காத்திருந்தார். நான் மனதில் வரைந்து வைத்திருந்த அயோக்கியன் முகம் அவருக்கு இல்லை. தோளில் ஒரு பெண் குழந்தை, அதன் கையில் கிளிஞ்சல் மாலை. நான் சண்டைக்குத் தொண்டையைச் சரிசெய்வதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"நைனா, அதுக்கு மஞ்சா வெச்சது நான்தான். புதுசா வூட்டுக்கு வந்த பொருளாச்சேன்னு வெச்சிட்டேன். எம் பொண்ணுக்கு ஒண்ணியும் தெரியாது. திட்றதுன்னா என்னைத் திட்டு. அவள ஏமாத்திடாத."

தீர்ந்தது கதை என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் பக்கத்துக் குற்றத்தை எங்கள் வாயாலேயே சொல்லியாகிவிட்டது. அவர் 'சரிம்மா, அப்போ என் மேல தப்பில்ல' என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால் எங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது.

அவர் குழந்தையை இறக்கி மனைவியிடம் விட்டார். மதர்போர்டை வாங்கிப் புரட்டி, வெயிலுக்கு நேராகப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். "எப்பம்மா வெச்சீங்க? மாட்றதுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டார்.

"பொட்டி பிரிச்ச ஒடனே" என்றாள் அம்மா.

துடைத்த பிறகுதான் ஸ்க்ரூ போட்டேன் என்று நான் சேர்த்துக்கொண்டேன். அவர் பின்பக்கத்தைத் திருப்பி எங்களிடம் காட்டினார். நான் மேல்பக்கத்தை மட்டும்தான் துடைத்திருந்தேன். பின்பக்கத்தில், விரிசல் போன வழியிலேயே, மஞ்சளாக ஒரு கோடு கசிந்து காய்ந்திருந்தது.

"பாருங்க. நீங்க மஞ்சா வெக்கும்போதே விரிசல் இருந்திருக்கு. ஈரமா இருந்தது அது வழியா எறங்கிகீது. ஸ்க்ரூ போட்டு ஒடஞ்சிருந்தா இங்க மஞ்சா வந்திருக்காது. என்கிட்டருந்தே ஒடஞ்சுபோயிருக்கணும், இல்லன்னா வழியில ஒடஞ்சிருக்கணும். எதுவானாலும் நான்தாம்மா பொறுப்பு. வேற போர்டு அனுப்பி வெக்கிறேன்."

"அப்ப மஞ்சாவால கெட்டுப் போவலியா?" என்று கேட்டாள் அம்மா. அவளுக்கு வேண்டியது அந்த ஒரு பதில்தான்.

"இல்லவே இல்ல. விரிசல்லதான் போச்சு. அந்த மஞ்சா இல்லன்னா நான் கடைசி வரைக்கும் ஒத்துக்கினே இருக்க மாட்டேன்" என்று சிரித்தார்.

அம்மா வேன் படியிலேயே உட்கார்ந்து முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர் மனைவிதான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். பக்கத்து வேன் டிரைவர், நாங்கள் ஏதோ நகையைத் தொலைத்துவிட்டோம் என்று நினைத்து எட்டிப் பார்த்தார்.

அடுத்த வாரம் கொரியர் வந்தபோது நானும் வீட்டில் இருந்தேன். அம்மா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றாள். பார்சலை மேஜையில் வைத்த பிறகுதான் கவனித்தேன். அட்டைப்பெட்டியின் நாலு மூலையிலும் மஞ்சள் வைத்திருந்தது. யாரோ பொறுமையாக, ஒழுகாமல், விரலால் தொட்டு வைத்த மஞ்சள். நான் கூப்பிடாமலே அம்மா பக்கத்தில் வந்தாள். ஒரு மூலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "பிரி, பிரி" என்று என்னை அவசரப்படுத்தினாள்.

அந்தக் கம்ப்யூட்டரில் எத்தனையோ பத்திரிகைகள் அடித்தேன். என் கல்யாணப் பத்திரிகையும் அதில்தான். அந்த மதர்போர்டை விற்றவர் பெயர்கூட இப்போது எனக்குச் சரியாக நினைவில்லை. இன்று பொருள் பிடிக்காவிட்டால் போனைத் தட்டினால் போதும், யாரோ வந்து எடுத்துக்கொண்டு போகிறார்கள். விற்றவர் முகத்தைப் பார்க்க வேண்டியதே இல்லை. ஆனாலும் வாசலில் பார்சல் வந்து விழும்போதெல்லாம் என் கண் முதலில் அதன் மூலைகளைத்தான் தேடுகிறது. ஜெயித்துவிட்டுப் போயிருக்கக்கூடிய ஒரு மனிதர், எங்களுக்காக வெயிலில் நின்று தனக்கு எதிராகத் தானே சாட்சி சொன்னது ஒவ்வொரு முறையும் நினைவுக்கு வருகிறது.