அப்பாவின் 7,662 கிலோமீட்டர்

மாறனின் ஒர்க்‌ஷாப்பில் அப்பாவின் காரில் சாவியைத் திருப்பியதும் மீட்டர் 38,902 என்று காட்டியது. மூன்று முறை படித்தேன்.

பத்து மாதத்துக்கு முன், இன்சூரன்ஸ் பாலிசி எடுத்த அன்று, நானே படம் எடுத்து அனுப்பிய எண் 31,240. வித்தியாசம் 7,662. நாங்கள் எழுதிக் கொடுத்திருந்தது வருடத்துக்கு ஐயாயிரம்.

அது கிலோமீட்டரை முன்கூட்டியே சொல்லி, அதற்கேற்பக் குறைவாகப் பணம் கட்டும் பாலிசி. எல்லை தாண்டினால் கூடுதல் கிலோமீட்டர் வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்காவிட்டால் வண்டிச் சேதத்துக்கு எதுவும் கிடைக்காது.

"ஐயா வண்டியை வாடகைக்கு விட்டாரா மேடம்?" என்றார் மாறன்.

"ஏன் கேக்கறீங்க?"

"மார்க்கெட்டுக்குப் போற வண்டி இவ்ளோ ஓடாதே."

எனக்கும் அதே சந்தேகம்தான். இன்னொருவர் வாயிலிருந்து வந்தபோது பிடிக்கவில்லை.

"டிசம்பர்ல மூணு நாள் உங்ககிட்டதானே இருந்தது?"

"என் மேலயே போடறீங்களா? மூணு நாள்ல இவ்ளோ ஓட்டணும்னா நான் காசிக்குப் போய் வந்திருக்கணும்."

அப்பா இறந்து பதினான்கு நாள் ஆகியிருந்தது. அடி அண்ணாமலை தாண்டி, காலை ஏழரை மணிக்கு, வண்டி மெதுவாகச் சாலையை விட்டு இறங்கி ஒரு சிறு பாலத்தின் சுவரில் மோதி நின்றது. மோதலில் அவர் சாகவில்லை. இதயம் அதற்கு முன்பே நின்றுவிட்டது என்றார் டாக்டர். அந்த நேரத்தில் அங்கே அவருக்கு என்ன வேலை என்று அம்மாவிடம் கேட்டேன். "சும்மா போனார்" என்றாள். சும்மா எங்கும் போகிறவர் இல்லை அவர்.

அப்பா பெயர் சாந்திகுமார். முப்பத்தொரு வருடம் முத்திரை ஆய்வாளர். கடைகளின் தராசு, படிக்கல், பெட்ரோல் பங்க் அளவு எல்லாவற்றையும் சோதித்து முத்திரை குத்தும் வேலை. இரும்புக் கற்கள் இருந்த மரப்பெட்டியோடு பஸ்ஸில் போவார். சோதிக்கும் கடையில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். பொழுது சாய்வதற்குள் வீடு வந்து சாப்பிட வேண்டும், சமணர் வீட்டு வழக்கம். பஸ் தாமதமானால் அன்று பட்டினி.

கடைத்தெருவில் மணியம்மாள் என்று காய்கறிக்காரி. அவள் தராசு கிலோவுக்கு முப்பது கிராம் ஜாஸ்தி கொடுத்தது. அப்பா முத்திரை போட மறுத்தார்.

"நஷ்டம் எனக்குத்தானேங்க ஐயா? வாங்கறவங்க யாராவது வந்து அழுதாங்களா?"

"யாருக்கு லாபம்னு பாக்கறது என் வேலை இல்லம்மா. தராசு தப்பு."

அவள் ஒரு மாதம் எங்கள் வீட்டுக்குக் கத்தரிக்காய் விற்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகுதான் கார் வாங்கினார். இரண்டு வருடம் முன்பு ஸ்டென்ட் வைத்தார்கள். மார்க்கெட், ஜினாலயம், அவ்வளவுதான் என்று நான் எல்லை போட்டேன். நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கிறேன். கருவி சொல்வதை அப்படியே நம்பக் கூடாது என்பதற்காகத்தான் எனக்குச் சம்பளம். அந்தப் பாலிசியையும் நான்தான் தேர்ந்தெடுத்தேன். கிலோமீட்டருக்கு எல்லை இருந்தால் வண்டி வீட்டில் நிற்கும் என்று நினைத்தேன். இரண்டாயிரத்து ஐந்நூறு போதும் என்றேன். "ஐயாயிரம் போடும்மா" என்றார். ஏன் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

"வெள்ளிக்கிழமைதானே இன்சூரன்ஸ் சர்வேயர் வர்றார்?" என்றார் மாறன். "அதுக்குள்ள மீட்டரைக் கம்மி பண்ணிடலாம். ஒரு மணி நேர வேலை. இல்லைன்னா வாடகை வண்டின்னு எழுதிட்டுப் போயிடுவாங்க."

முடியும் என்று எனக்கும் தெரியும். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யோசிக்கிறேன் என்றேன்.

சித்தப்பா மகன் நிர்மலுக்குப் போன் செய்தேன். ரமணாசிரமம் பக்கம் வெளிநாட்டுக்காரர்களுக்கு அறை விடுகிறான்.

"பெரியப்பா வண்டியை நீ ஏர்போர்ட்டுக்கு அனுப்பினியா?"

"செருப்போட ஏறினா என்னையே இறக்கி விடுவார். வெள்ளைக்காரனை ஏத்துவாராக்கா?"

நம்பவில்லை. திரும்பவும் வண்டியில் உட்கார்ந்து டிஸ்ப்ளேயை மாற்றிப் பார்த்தேன். சராசரி வேகம்: மணிக்கு 14 கிலோமீட்டர். வாடகை வண்டி நாற்பதுக்குக் குறையாது. பதினான்கு என்றால் போய் நின்று, காத்திருந்து, திரும்பப் போகிற வண்டி.

டிக்கியைத் திறந்தேன். பித்தளைக் குடம், அடுப்பு, இரண்டு மணைப்பலகை, தண்ணீர் வடிகட்டும் வெள்ளைத் துணி. முன்பக்கப் பெட்டியில் மடித்த ஒரு தாள். அப்பா கையெழுத்தில் ஊர்ப் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் வீட்டிலிருந்து போக, வரத் தூரம், எத்தனை நாள். கூட்டுத்தொகை 4,860.

வீட்டுக்கு வந்து தாளை அம்மா முன் வைத்தேன். ராஜமதி என்ற என் அம்மா பொய் சொன்னால் முந்தானையை மடிப்பாள். அன்று மடிக்கவில்லை.

"மாதாஜிங்க நடந்து வந்தாங்க. கூட சாமான் போகணுமே" என்றாள்.

மாதாஜி என்றால் சமணப் பெண் துறவி. எங்கள் துறவிகள் எந்த வண்டியிலும் ஏற மாட்டார்கள். மழைக்காலம் நான்கு மாதம் ஓரிடத்தில் தங்குவார்கள். மற்ற மாதங்களில் ஊர் ஊராக நடை. ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் ஆகாரம். அதற்காக அவர்களுக்கு முன்னால் போய்க் கிணறு பார்த்து, தண்ணீர் காய்ச்சி, சமைத்து வைக்க ஆள் வேண்டும். அந்த ஆள் அப்பா.

"எல்லா தூரமும் எழுதிருக்காரே. அப்புறம் எப்படி ஏழாயிரம்?"

"அது பாலிசி எடுக்கறப்ப போட்ட கணக்கு. அவர் எழுதினது ஊருக்குப் போக, வர. நடுவுல சும்மாவா இருப்பார்? முன்னாடி போய் எறக்கிட்டு, பின்னாடி வந்து எப்படி நடக்கறாங்கன்னு பாப்பார். துணி மறந்துட்டாங்கன்னு ஒரு நடை. தண்ணிக்கு ஒரு நடை. ஒருநாள் நான் எண்ணினேன், ஒன்பது நடை."

அளவே வேலையாக இருந்த மனிதர் அதை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ சாவியைப் புடுங்கிடுவ."

தாளின் பின்புறம் பென்சிலில் ஒரு வரி இருந்தது. 'டிச. 28. ஐயாயிரம் முடிந்தது. சுதாவிடம் சொல்ல வேண்டும்.' சுதா நான்தான்.

போனில் பழைய அழைப்புகளைத் தேடினேன். டிசம்பர் 29, காலை, நான்கு நிமிடம். அவர்தான் கூப்பிட்டிருந்தார். எடுத்ததும் நான் கேட்டது நினைவிருந்தது. "வண்டி எடுத்துட்டு எங்கேயும் போகலையே?" கொஞ்சம் பொறுத்து, "இல்லம்மா" என்றார். பிறகு என் ஆபீஸ் பற்றிப் பேசினோம்.

மாறனுக்கு வேண்டாம் என்று செய்தி அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை சர்வேயர் எழில் வந்தார். மீட்டரைப் படம் எடுத்தார். என்னைப் பார்த்தார்.

"வாடகைக்கா மேடம்?"

"இல்ல." தாளைக் காட்டினேன். முழுக்கப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"வாடகைன்னு எழுதல. ஆனா கிலோமீட்டர் தாண்டிருக்கு. இதுல ஒண்ணும் வராது. தெரிஞ்சேதான் ஓட்டினாரா?"

"டிசம்பர் இருபத்தெட்டுலேருந்து தெரிஞ்சே."

வாக்குமூலத்தில் அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவர் போன பிறகு, என்னோடு ஒர்க்‌ஷாப்புக்கு வந்திருந்த அம்மா கேட்டாள், "அப்பா பொய் சொன்னார்னு எழுதிட்டியா?"

"எவ்ளோ ஓடுச்சோ அதை எழுதினேம்மா."

அவள் டிக்கியிலிருந்து குடத்தை எடுத்தாள். கிளை ரோடு வழியாக நாளைக் காலையில் மாதாஜிகள் நடந்து வருகிறார்களாம். எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டேன். தெரியாது என்றாள்.