எட்டுப் பேனாவும் ஒரு டம்ளர் பாலும்

தலையில் ஒயர் ஒட்டி மூளையின் மின்னோட்டத்தைத் தாளில் வரைந்தெடுப்பது என் தொழில். அடுத்தவர் தலையோடு மாரடிக்கும் சக டெக்னீஷியன்களுக்கு என் பாடு புரியும்.

எண்ணெய்த் தலை

இ.இ.ஜி. எடுக்க வருபவர் தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் வரவேண்டும். சீட்டில் எழுதிக் கொடுப்போம், வாயாலும் சொல்வோம். அப்படியும் டாக்டர் முன்னால் லட்சணமாக உட்காரவேண்டும் என்று எண்ணெய் வழிய வருவார்கள். ஒட்டிய ஒயர் நிற்காது, அலை வரையும் மிஷினின் எட்டுப் பேனாக்களும் கிறுக்கித் தள்ளும். அப்படி வந்த ஒட்டன்சத்திரத்துக்காரர் ஒருவரைத் திருப்பி அனுப்பினேன். அவர் நிதானமாகக் கேட்டார்:

"ஏனுங்க, மூளை உள்ளதானுங்க இருக்குது?"

பாசக்காரப் புருஷன்

தொண்ணூறுகளின் கடைசியில், நாகல் நகர் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் மனைவி ஜெசிந்தாவைக் கூட்டிவந்தார். மனைவிக்குப் புத்தி சரியில்லை என்று காகிதம் வாங்கி, கல்யாணத்தை ரத்து செய்ய மாதா கோயில் பாதிரியாரிடம் கொடுக்கவேண்டுமாம். எங்கள் தாளில் பைத்தியம் தெரியாது என்று டாக்டருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் தலையாட்டினார்.

மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாரா என்று அந்த அம்மாவிடம் கேட்டால், புருஷன் முந்திக்கொண்டு இல்லை என்றார். விழித்திருக்கும்போதே அலைகள் மந்தமாக, அகல அகலமாக வந்தன. விரல்களும் லேசாக நடுங்கின. புருஷன் டாக்டர் அறைக்குப் போனதும் ஜெசிந்தாவிடம் மறுபடி கேட்டேன்.

"மாத்திரையெல்லாம் இல்ல சார். ஒன்றரை மாசமா அவரே பால் ஆத்திக் கொண்டாந்து குடுக்குறாரு. முன்ன அம்புட்டுப் பாசம் கெடையாது."

இரண்டாவது தாள்

அந்த ஆளின் அண்ணன் மனநோய்க்கு எங்களிடம்தான் மாத்திரை வாங்கினார். அதே மாத்திரையை நல்ல மூளைக்குக் கொடுத்தாலும் அலை மந்தமாகும். அந்தப் பால்மேல்தான் சந்தேகம் என்று டாக்டரிடம் சொன்னேன். ஒயர் ஒட்டுவதோடு நிறுத்திக்கொள் என்றார், பெரிய மேதை. எனக்கு ஆத்திரம் பொங்கியது. வறண்டு பறந்த அந்தத் தலையில் எண்ணெய் இருந்தது, தாள் செல்லாது, ஒரு மாதம் கழித்து மறுபடி எடுக்கவேண்டும் என்று கூசாமல் பொய் சொன்னேன். அதுவரை கொடைரோட்டில் அம்மா வீட்டில் இருங்கள், அங்கே மட்டும் சாப்பிடுங்கள் என்று ஜெசிந்தாவிடம் சொல்லியனுப்பினேன்.

ஒரு மாதம் கழித்து ஜெசிந்தா தன் கூடப்பிறந்த அண்ணனோடு திரும்பி வந்தார். விரல் நடுங்கவில்லை. எட்டுப் பேனாவும் ஒழுங்காக ஓடின. காகிதத்துக்காகக் காத்திருந்த புருஷன், மிஷினை ரிப்பேர் பார்த்தீர்களா என்று என்னைக் கேட்டார். பதிலை ஜெசிந்தா சொன்னார்:

"மிஷினு அப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு. நாந்தான் ஒங்க பாலக் குடிக்கிறத நிறுத்திட்டேன்."

இத்தனை வருடத்தில் நான் கண்டது, சோதிக்கவேண்டிய தலை பெரும்பாலும் கட்டிலில் படுப்பதில்லை, ரிப்போர்ட் வாங்க வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது.