ஒரு கன்னத்து வெட்கம்

வெட்கம் என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று எனக்கு முதலில் சொன்னவர் தெல்தெனிய புனிதா டீச்சர். போன தை மாதம், அவருடைய கல்யாணத்தன்று காலையில். கண்டிப் பக்கம் பொண்ணு அலங்காரத்துக்குப் போகிற என்னைப் போன்றவர்களுக்குத் தெரியும், சேலை கட்டிவிடுவது லேசு, முகத்தில் வெட்கத்தைக் கொண்டுவருவதுதான் பெரும்பாடு. வீடியோ வெளிச்சம் எல்லாவற்றையும் வெளுக்கவைத்துவிடும். அதனால் கன்னத்துக்கு ரூஜ் என்ற சிவப்புப் பூச்சைக் கொஞ்சம் கூடத்தான் பூசுவோம்.

கண்ணாடி முன்னால் பாடம்

பிள்ளையாரை நினைத்துக்கொண்டு இடது கன்னத்தைப் பூசி முடித்தேன். டீச்சர் கண்ணாடியைப் பார்த்துவிட்டுக் கோபமாக என் கையைப் பிடித்தார். அவருக்கு நரை எட்டிப் பார்க்கிற வயது.

"இது என்னங்கக்கா?"

"வெக்கம் டீச்சர். வீடியோவுக்கு வேணும்."

அந்தக் கோபத்திலும் பாடம் நடத்தினார். பழைய தமிழில் வெள்குதல் என்றால் கூசி நாணுவதாம். அது வெட்கு என்றாகி, வெட்கம் ஆனதாம். நாணத்துக்கும் அந்தச் சொல்தான், அவமானத்துக்கும் அதுதானாம். எட்டாம் வகுப்போடு நின்ற நான் தலையாட்டினேன். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எனக்கு ரெண்டாவது வெக்கத்துக்குத்தான் பயம். இந்த வயசுல இவளுக்கு என்ன மினுக்குன்னு சனம் சிரிச்சிடுங்கக்கா."

துடைக்க நேரமில்லை

பஞ்சை எடுத்தேன். அதற்குள் ஐயர் பொண்ணை அழைத்துவரச் சொல்லிவிட்டார். மணவறையில் பொண்ணு மாப்பிள்ளைக்கு வலப்பக்கம் உட்காருவது வழக்கம். பூசிய கன்னம் நேரே அவர் பக்கம்.

யாரும் பார்க்கக்கூடாதே என்று பிள்ளையாரிடம் கேட்டுக்கொண்டே நின்றேன். அவருக்கு வேறு வேலை இருந்திருக்கும். டீச்சர் கல் மாதிரி உட்கார்ந்திருக்க, மாப்பிள்ளையின் நாவலப்பிட்டிச் சித்தி சபை முழுக்கக் கேட்கச் சொன்னார்: "பாருங்கடி, நம்ம பையன் பக்கத்துக் கன்னத்துக்கு மட்டுந்தான் வெக்கம் வருது."

இடம் மாறியபோது

தாலி கட்டியதும் பொண்ணை இடப்பக்கம் மாற்றுவார்கள். இப்போது பூசாத கன்னம் அவர் பக்கம். மாப்பிள்ளை முதல் மனைவியை இழந்தவர், அதிகம் பேசாதவர். அவர் குனிந்து ஏதோ சொன்னதும் அந்த மாநிறக் கன்னம் காதுவரை கறுத்துச் சிவந்தது. சபை சிரிக்கிறதா என்று பார்க்கக்கூட டீச்சருக்கு நினைவில்லை. மாலையைச் சரிசெய்யப் போன என் காதில் விழுந்தது இதுதான்: "இந்தக் கன்னத்துக்கு என்னை இன்னும் அறிமுகப்படுத்தலையா டீச்சர்?"

ஆகவே, நாளைக்குக் கல்யாண வீட்டுக்குப் போகிறவர்கள் பொண்ணைப் பார்த்து "கொஞ்சம் வெக்கப்படும்மா" என்று மட்டும் சொல்லாதீர்கள், அந்த வேலையைப் பக்கத்தில் இருக்கிறவருக்கு விட்டுவிடுங்கள்.