கொலுசு மசாலாவும் ஆடி மாதமும்

வர்த்தகச் சின்னம் பதிந்து கொடுக்கும் தொழிலில், பல் டாக்டரிடம் வருவதுபோல, பயம் வந்த பிறகுதான் ஆட்கள் வருவார்கள். மலாக்கா டவுனில் மேசை போட்டு, கடைக்காரர்களுக்காக அறிவுசார் சொத்து அலுவலகத்துக்கு மனுப் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. அடுத்தவர் பயத்தைக் கேட்டே சம்பாதிக்கிறவர்களே, நான் படும் பாடு உங்களுக்குப் புரியும்.

பிடிக்க மாட்டார்களா?

தைல வியாபாரி காதர் பாய் மூச்சிரைக்க வந்தார். நான் பதிந்து கொடுத்த அவருடைய பெயரிலேயே பாசார் சந்தையில் யாரோ தைலம் விற்கிறானாம். அலுவலகத்து ஆட்கள் எப்போது வந்து பிடிப்பார்கள் என்று கேட்டார். பெயர் யாருடையது என்று பார்த்துப் பதிவதுதான் அவர்கள் வேலை, பிடிப்பதற்கு வேறு இலாகா, அதற்கும் நாம்தான் புகார் கொடுக்க வேண்டும் என்றேன். பாய் முகம் வெளுத்துவிட்டது.

“அப்ப கல்யாணத்தைப் பதிஞ்சு குடுப்பாங்க, பொண்டாட்டி ஓடிப்போனா நாமதான் தேடணும், அப்படித்தானே தம்பி?”

ஆடியில் வேண்டாம்

லெட்சுமி அக்கா செங் பகுதியில் பேக்டரி வேலையை விட்டுவிட்டு இறைச்சி மசாலா அரைத்து விற்கிறவர். டுரியான் துங்காலிலிருந்து சுங்கை ஊடாங் வரை, கடையில் போய் “கொலுசு குடுங்க” என்றாலே அக்காவின் பாக்கெட்டைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அந்தப் பெயர் கைவிட்டுப் போனால் அக்காவின் சோறும் போச்சு. அதைப் பதிய வந்தவர், வேன் ஓட்டிச் சரக்குப் போடும் சித்தப்பா மகன் மணியத்தையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

அக்கா கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்ததும் மணியம் தடுத்தான். “ஆடி பொறந்திருச்சுக்கா. ஆவணியில பார்த்துக்கலாம்லா.” அக்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வேறு எவனாவது முந்திக்கொண்டால் அப்புறம் வம்பு என்று நான் பதறினேன். மணியம் சிரித்தான்.

“பேருக்கு என்ன காலா இருக்கு சார், எங்க போயிரப் போவுது?”

யாருக்கு யார் மேல் பயம்

அக்கா கையெழுத்து இல்லாமல் நானாக மனுப் போட முடியாது. ஆடி முழுக்கப் போன் அடித்துக் கெஞ்சினேன். முன்பு ஓர் ஆடியில் அரவை மெஷின் வாங்கி, வந்த வாரமே விரல் நசுங்கிப் போனதை அக்கா சொன்னார்.

“நீங்க கவர்மெண்ட் ஆபீசுக்குப் பயப்படுறீங்க தம்பி, நான் அம்மனுக்குப் பயப்படுறேன்.”

ஆவணி பிறந்தது

அக்கா புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்தார். மணியம் வாசலில் வேனை நிறுத்திவிட்டு அதிலேயே உட்கார்ந்திருந்தான். எப்போதும்போல முதலில் அலுவலகத்தின் இணையப் பதிவேட்டில் பெயரைத் தேடினேன். கொலுசு, இறைச்சி மசாலா, ஆடியிலேயே மனு வந்திருக்கிறது. மனுதாரர் என்ற இடத்தில் மணியத்தின் முழுப் பெயர் இருந்தது. கண்ணாடி வழியாக வெளியே பார்த்தேன். அவன் என்னைப் பார்த்துக் கையசைத்தான்.

மெல்ல விஷயத்தைச் சொன்னேன். அக்கா அழவில்லை, நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “இன்னும் முடிஞ்சிரலைக்கா. ஏத்துக்கிறதுக்கு முன்னாடி ஆபீஸ்ல எல்லாரும் பார்க்கிற மாதிரி இதை வெளியிடுவாங்க. அப்ப நாம ஆட்சேபம் போடலாம். இத்தனை வருஷமா வித்தது நீங்கதான்னு காட்ட பழைய பில்லு வேணும்” என்றேன். வெளியே ஹாரன் அடித்தது. அக்கா திரும்பிப் பார்க்கவே இல்லை.

“பில்லெல்லாம் அவன் வேன்லதான் தம்பி இருக்கு. நான் இப்ப எதுல வீட்டுக்குப் போவேன்?”

இத்தனை பேருக்குப் பெயர் பதிந்து கொடுத்ததில் நான் கண்டது இதுதான்: இந்தத் தொழிலில் நல்ல நேரம் என்பது, நமக்கு வேண்டியவன் தூங்கிக்கொண்டிருக்கும் நேரம்.