ஓரகத்தியின் ரத்தப் பரிசோதனை

ஈவ்லினுக்கு ஓரகத்தி மோலியைக் கண்டால் ஆகாது. மைசூரில் அவர்கள் சபையில் எல்லோருக்கும் இது தெரியும், மோலிக்கும் தெரியும். அண்ணன் இஸ்ரவேலைக் கட்டியவள் ஈவ்லின், தம்பி கிரிஸைக் கட்டியவள் மோலி. ஒரே காம்பவுண்டில் அடுத்தடுத்த வீடு. ஈவ்லின் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் ஊசி போட்டால் வலிக்காது என்று பேர். ஆனால் வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் பேச்சு மோலியின் ஞாபகசக்தியைப் பற்றித்தான். டீச்சர் வேலை பார்த்த மோலிக்கு சபையில் யாருடைய பிறந்தநாளும் மறக்காது. பாட்டுப் புத்தகத்தைத் திறக்காமலே எல்லாச் சரணங்களையும் பாடுவாள். இஸ்ரவேலும் எதற்கெடுத்தாலும் "மோலிகிட்ட கேட்டுக்கோ" என்பார். ஈவ்லினுக்கு வயிறு எரியும்.

போன வருடம் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும், ஆராய்ச்சி நிலையம் ஒன்றிலிருந்து சௌம்யா என்ற இளம் டாக்டர் வந்து பேசினாள். அல்சைமர் என்கிற மறதி நோய், மறதி வெளியே தெரிவதற்குப் பல வருடங்கள் முன்பே மூளையில் தொடங்கிவிடுமாம். அப்போதே ஒரு புரதம் ரத்தத்தில் கூட ஆரம்பிக்குமாம். அதைப் பிடிக்க நகத்தளவு சென்சார் ஒன்று செய்திருந்தார்கள். அதில் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த ஒரு சொட்டை விட்டால் அந்தப் புரதம் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய அளவுக்கு மின்னோட்டம் மாறி, திரையில் எண்ணாகத் தெரியும். சோதித்துப் பார்க்க அறுபது தாண்டியவர்கள் வேண்டும் என்றாள்.

மோலி முதல் ஆளாகக் கை தூக்கினாள். ஈவ்லினுக்கு உள்ளூர பயம். சமீபகாலமாக அவள் கண்ணாடியைத் தேடாத நாளில்லை. ஆனால் ஈவ்லின் பின்வாங்கினால், சோதனையில் தனக்கு ஒன்றுமில்லை என்று மோலி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவாளே! அதை நினைத்ததும் அவள் கையும் மேலே போனது.

முடிவு வந்தபோது ஈவ்லினின் எண் குறைவாக இருந்தது. மோலியுடையது அதிகம். சென்சார் புதிது, அதை மட்டும் நம்பக்கூடாது என்று மோலிக்கு மூளை ஸ்கேனும் எடுத்தார்கள். அதுவும் அதையே சொன்னது.

ஈவ்லினுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அடுத்து அதை நினைத்து வெட்கம். இரண்டுமே ஒரு வாரம்கூட நிற்கவில்லை. பழைய எரிச்சலே திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. மோலி வீட்டில் ஆள் ஓயவில்லை. போதகர் வந்து ஜெபித்தார். பெங்களூரிலிருந்த ஈவ்லினின் சொந்த மகன் கார்ல், அம்மாவுக்குப் பேசுகிறானோ இல்லையோ, சித்திக்குத் தினமும் போன் செய்தான். இஸ்ரவேல் ஒருநாள் மீன்குழம்பைத் தூக்குப்பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டு கிளம்பினார்.

"எனக்கு ஒண்ணுமில்லைன்னு வந்துச்சே, யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள் ஈவ்லின்.

"ஒண்ணுமில்லாததுக்கு என்னடி கேக்கறது?" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அன்று அவள் சாப்பிடவில்லை. நோயில்கூட மோலிதான் முன்னால் நிற்கிறாள் என்று தோன்றியது.

அடுத்த மாதம் ஆராய்ச்சி நிலையத்தில் மோலியைத் தொடர்ந்து கவனிக்க ஏற்பாடு ஆயிற்று. எல்லோரும் கூடவே போயிருந்தார்கள். "உங்ககிட்ட சின்ன மாற்றம் தெரிஞ்சாலும் எங்களுக்குச் சொல்ல வீட்டு ஆள் ஒருத்தர் வேணும். யாரைப் போடலாம்?" என்று மோலியிடம் கேட்டாள் சௌம்யா.

கிரிஸ் நாற்காலியை முன்னால் இழுத்தான்.

"இவர் வேண்டாம் டாக்டர்," என்றாள் மோலி. "நான் சாம்பாருக்கு உப்பே போடலைன்னாலும் நல்லாயிருக்குன்னு சொல்ற மனுஷன். ஈவ்லின் அக்காவைப் போடுங்க."

ஈவ்லின் திடுக்கிட்டாள். "நானா? எதுக்கு?"

"கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து என்கிட்ட என்ன குத்தம்னு பாத்துட்டே இருக்கீங்கல்ல அக்கா? நான் ஒரு சொல்லு தப்பா சொன்னாலும் உங்களுக்குத்தான் முதல்ல தெரியும். நீங்க ஒருத்தர்தான் அதைப் பூசி மெழுகாம சொல்லுவீங்க."

இஸ்ரவேல் இருமினார். ஈவ்லினுக்கு முகம் ஜிவ்வென்று சிவந்தது. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தாள். மோலி கேலி செய்யவில்லை. அவள் கை மடியில் சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தது. நர்ஸாக எத்தனையோ கைகளைப் பிடித்த ஈவ்லின் இந்தக் கையை மட்டும் ஒருநாளும் பிடித்ததில்லை. இப்போதும் பிடிக்கவில்லை. "சரி, போடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

அதிலிருந்து இருவரும் ஒரே ஆட்டோவில்தான் செக்கப்புக்குப் போகிறார்கள். தேவராஜ மார்க்கெட்டில் ஒருநாள் மோலி பூக்காரியிடம் மல்லிகை விலையைக் கேட்டாள். பையைத் திறந்து, மூடி, மறுபடி அதையே கேட்டாள். முன்பென்றால் அன்று சாயங்காலத்துக்குள் ஈவ்லின் அதைச் சபை முழுக்கச் சொல்லியிருப்பாள். இப்போது வீட்டில் இஸ்ரவேலிடம்கூட வாய் திறக்கவில்லை. சௌம்யாவிடம் மட்டும் சொன்னாள்.

சௌம்யா குறித்துக்கொண்டு, மோலிக்கு வழக்கமான ஞாபகத் தேர்வு வைத்தாள். மதிப்பெண் முன்பைவிட இறங்கவில்லை, ஈவ்லினே எழுதியிருந்தாலும் அத்தனை வந்திருக்காது.

"எப்படி அக்கா?" என்று சிரித்தாள் மோலி.

"ரொம்பத்தான்!" என்றாள் ஈவ்லின், முகத்தைத் திருப்பிக்கொண்டு. வயிறு எரிந்தது. எரியட்டும் என்று விட்டுவிட்டாள்.